பாறையோட அண்ணன்

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் ஆட்களை எப்போதும் இரண்டிரண்டாகத்தான் அனுப்புவார்கள். ஒருவன் மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் மெஷின் ரூமில் நிற்க வேண்டும். இன்னொருவன் லிஃப்டுக்குள்ளேயோ அதற்கு அடியில் உள்ள பள்ளத்திலேயோ இருப்பான். நடுவில் ஏழெட்டு மாடி. செல்போன் சிக்னல் அங்கே எடுக்காது, கத்திக் கத்தித்தான் பேசிக்கொள்வோம். பதினெட்டு வருஷமாக ஒருத்தன் குரலை அந்த இருட்டுக் குழாய்க்குள் கேட்டுக்கொண்டே இருந்தால், அவன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறானா, நன்றாகத் தூங்கினானா என்பதெல்லாம் "பிரேக்கை விடு" என்ற ரெண்டு வார்த்தையிலேயே தெரிந்துவிடும். அதனால் என் ஜோடிக்காரனைப் பற்றி நான் சொல்வது ஓரளவு சரியாக இருக்கும்.

அவனுக்குப் பேர் பாறை. பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையில் இருக்கிறது, அங்கே மட்டும்தான் இருக்கிறது. பாறை என்பது ஒரு படத்தில் அவன் நடித்த அடியாளின் பேர்.

சினிமாவுக்கும் அவனுக்கும் முன்னால் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பத்து வயதிலிருந்து கராத்தே கற்றவன், கறுப்பு பெல்ட். சனி, ஞாயிறு காலையில் ஒரு சலவைக் கடைக்கு மேலே உள்ள ஹாலில் வகுப்பு எடுப்பான். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடியாத உடம்பு. பேச்சு மட்டும் கம்மி.

ஒரு வியாழக்கிழமை, ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். உள்ளே ஏழு பேர், ஒரு கேமராப் பெட்டி, ரெண்டு பெரிய விளக்கு. மொட்டைமாடியில் ஷூட்டிங்குக்கு வந்தவர்கள். நாலு பேர் ஏறும் லிஃப்டில் ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் அது நிற்காமல் என்ன செய்யும். நான் மெஷின் ரூமுக்குப் போய் மின்சாரத்தை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மெல்ல நாலாவது மாடிக்குக் கொண்டுவந்தேன். பாறை அங்கே கதவை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். முதலில் வெளியே வந்தவர் டைரக்டர். தலையில் தொப்பி, உடம்பெல்லாம் வியர்வை. காற்று வாங்கக்கூட நிற்காமல் பாறையின் கையையே பார்த்தார்.

"சண்டை தெரியுமா?"

"தெரியும் சார்."

"நிஜச் சண்டையா, சினிமாச் சண்டையா?"

"சினிமாச் சண்டை தெரியாது சார்."

அன்றைக்கு வரவேண்டிய அடியாள் நடிகர் வரவில்லையாம். நான் கீழே இறங்கி வருவதற்குள் பாறை சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். டைரக்டர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கேமராவுல விழுறீங்க." அதை நான் இன்னும் மறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் ஆபீஸுக்கு போன் போட்டு, லிஃப்ட் ரொம்ப மோசமாக இருக்கிறது, முடிக்க ரெண்டு நாள் ஆகும் என்று சொன்னவன் நான்தான்.

படத்துக்குப் பேர் 'கடைசி உதை'. பெரிய படம் ஒன்றுமில்லை. பாட்டு கிடையாது, வெளியூர் கிடையாது, கதாநாயகி மூன்று இடத்தில் அழுவாள். ஆனால் மொட்டைமாடியில் ஆறு நிமிஷம் ஒரு சண்டை. நிறுத்தி நிறுத்தி எடுக்க நேரமில்லாததால் ஒரே மூச்சில் எடுத்தார்கள், அதிர்ஷ்டம் அங்கேதான் இருந்தது. ஹீரோவாக நடித்தவர் நடனக்காரர், அழகாக விழத் தெரிந்தவர். பாறைக்கு அழகாக அடிக்கத் தெரியும். கடைசியில் ஹீரோ ஓங்கி ஒரு உதை விட, பாறை தண்ணீர்த் தொட்டி மேலிருந்து கீழே விழுந்து சாவான். விழுவது பஞ்சு அடைத்த பொம்மை. உற்றுப் பார்த்தால் அதன் முழங்கால் முன்பக்கமாக மடங்குவது தெரியும். யாரும் உற்றுப் பார்க்கவில்லை. அந்த ஆறு நிமிஷத்தைப் பார்க்கவே ஜனம் வந்தது. போன் போனாகப் பரவியது.

அதற்குப் பிறகு நாங்கள் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கதவு திறந்து யாராவது எட்டிப்பார்ப்பார்கள். "பாறை சார், ஒரு போட்டோ." அவன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க," என்பான். சொல்லிக்கொண்டே நெஞ்சை ஒரு விரற்கடை முன்னால் தள்ளுவான். எங்கள் சூப்பர்வைசர் கூட அவனைப் பாறை என்றே எழுத ஆரம்பித்தார். இரண்டு வருஷம் அப்படி ஓடியது. அவன் வாழ்க்கையிலேயே மெஷின் ரூமில் பாட்டு முணுமுணுத்த காலம் அதுதான்.

பிறகு டைரக்டர் வீட்டுக்கு வருகிறேன் என்று போன் செய்தார்.

வீடு என்றால் ஒரு ஹாலும் ரெண்டு அறையும். பாறை, அவன் மனைவி, அம்மா, கல்யாணமாகாத தம்பி. மனைவி மருந்துக் கடையில் கவுன்ட்டரில் நிற்பவள். மருந்துச் சீட்டைப் படித்துப் படித்தோ என்னவோ, மனிதர்களையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். தம்பி எட்டு வயது இளையவன், செல்போன் கடையில் விற்பனையாளன். அண்ணனை எடுத்து ஒரு சுற்று மெலியவைத்து, முகத்தைக் கொஞ்சம் இழைத்து, தலையில் நிறைய முடி வைத்தால் தம்பி. கராத்தே பக்கமே வராதவன். அம்மா எப்போதும் சொல்வாள்: "பெரியவன் உடம்புக்குப் பிறந்தான், சின்னவன் முகத்துக்குப் பிறந்தான்."

அன்றைக்கு என்னையும் வரச்சொல்லியிருந்தான் பாறை. புதுச் சட்டை போட்டு, ஹாலில் இருந்த துணி துவைக்கும் மெஷின் மேல் விரிப்பு போட்டு மறைத்து வைத்திருந்தான். டைரக்டர் டீயைக் குடித்துவிட்டு, "ரெண்டாம் பாகம் எடுக்கிறோம்," என்றார்.

"சரிங்க சார்."

"ஒரு சிக்கல் என்னன்னா, நீங்க செத்துட்டீங்க."

பாறை சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"சார், கடைசி உதைன்னு பேரு வச்சீங்க. அதுக்கே ரெண்டாம் பாகம் வருது. நான் பொழைச்சு வந்தா யாரு கேக்கப் போறா?"

"அப்படிச் சொல்லாதீங்க. மக்கள் முட்டாள் இல்ல. லாஜிக் பாப்பாங்க."

முழங்கால் முன்பக்கம் மடங்கிய பொம்மையை எடுத்த மனிதர் இதைச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் குளியலறைக் கதவு திறந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே தம்பி வெளியே வந்தான். டைரக்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது யாரு?"

"என் தம்பி சார்."

"தம்பி," என்று டைரக்டர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "பாறையைக் கொன்னவனைத் தேடி அவன் தம்பி வர்றான். நிஜத் தம்பியே வர்றான்."

அவர் போகும்வரை பாறையின் சிரிப்பு முகத்தில் ஒட்டினபடி அப்படியே இருந்தது. மறுநாள் ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தில் வேலை. மேலேயிருந்து நான், "என்னப்பா, பிரேக்கை விடட்டுமா?" என்று கேட்டேன். கீழேயிருந்து, "உன் இஷ்டம்," என்று வந்தது. பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு பதில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

தம்பி நல்லவன், இதுதான் பாறைக்குப் பெரிய தொந்தரவு. திமிர் காட்டியிருந்தால் ஒரு சண்டை போட்டு வயிற்றெரிச்சலைத் தீர்த்திருக்கலாம். அவனோ டைரக்டர் போன உடனேயே அண்ணன் முன்னால் வந்து நின்றான். "அண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீதான் சொல்லித்தரணும்." அம்மா சமையலறையிலிருந்து, "அவன் சொல்லித்தராம வேற யாருடா சொல்லித்தருவா," என்றாள்.

சொல்லித்தந்தான். மூன்று மாதம், வேலை முடிந்ததும் சலவைக் கடை மாடியில். நிற்பது, குத்துவது, உதைப்பது, தடுப்பது எல்லாம் சரியாகவே சொல்லித்தந்தான். நானும் சில நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். தம்பிக்குச் சீக்கிரம் வந்தது. கண்ணாடியில் தன் முடி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே உதைப்பான், ஆனாலும் வந்தது. ஒருநாள் தம்பி தண்ணீர் குடிக்கப் போனபோது நான் பாறையிடம் கேட்டேன்.

"விழறது சொல்லித்தரலையா?"

"சொல்லித்தரலாம்," என்றான். "அவசரமில்ல."

அவன் வகுப்பில் புதிதாகச் சேரும் பொடியன்களுக்கு முதல் நாள் விழத்தான் சொல்லித்தருவான் என்பது எனக்குத் தெரியும். தாடையை நெஞ்சோடு ஒட்டு, கையால் தரையை அடி, முழங்காலை விறைக்காதே. இது வந்த பிறகுதான் குத்து. எனக்குத் தெரிந்தும் நான் அன்றைக்கு மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்கு என்ன வந்தது என்று விட்டுவிட்டேன்.

'கடைசி உதை 2' வெளியான முதல் நாள் மதியக் காட்சிக்கு எல்லோரும் போனோம். முதல் பாகத்து ஹீரோ நடனப் பள்ளி திறந்து போய்விட்டிருந்தார். அதனால் முதல் காட்சியிலேயே ஹீரோ முகமெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். தீ விபத்து. கட்டைப் பிரித்தால் வேறு ஆள். பக்கத்துச் சீட்டுக்காரர், "நல்ல டாக்டர், உயரத்தையும் கூட்டிட்டார்," என்றார். மொட்டைமாடிக்காரர் இந்தத் தடவை இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது, சண்டையெல்லாம் ஒரு காலி மைதானத்தில் நடந்தது. ஒரு குத்து, உடனே காட்சியில் ஒரு வெட்டு. ஒரு உதை, ரெண்டு வெட்டு. யார் யாரை அடித்தார்கள் என்பது கீழே கிடப்பவனை வைத்துத்தான் தெரிந்தது.

நடுவில் தம்பி அண்ணனை நினைத்துப் பார்ப்பதாக ஒரு கட்டம். பழைய ஆறு நிமிஷச் சண்டையை அப்படியே போட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த தியேட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தது. விசில் பறந்தது. பாறை என் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். இடைவேளைக்குப் பிறகு அதே ஆறு நிமிஷத்தை மறுபடியும் போட்டார்கள். அப்போதும் விசில். படம் முடிந்து வெளியே வரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, லாட்டரி விழுந்தவன் தோற்றான்.

"படம் எப்படிண்ணே?" என்று தம்பி கேட்டான்.

"உன் பங்கை நீ செஞ்சிருக்க," என்றான் பாறை, பெருந்தன்மையாக. படம் ஊற்றிக்கொண்டது என்று தெரிந்ததால் வந்த பெருந்தன்மை அது.

ஆனால் அது ஒரு வாரம்தான் தாங்கியது. படத்தைத் திட்டியவர்கள் எல்லோரும் திட்டி முடித்துவிட்டு, "ஆனா அந்தத் தம்பி நல்லா இருக்கான்பா," என்றார்கள். அந்த முடியைப் போலவே வெட்டச் சொல்லி சலூன்களில் பையன்கள் உட்கார்ந்தார்கள். செல்போன் கடைக்காரர் வாசலில் தம்பி படத்தை ஆள் உயரத்துக்கு வைத்தார். அம்மா அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து ஹாலில் மாட்டினாள். சீக்கிரமே பாறை என்றால் தம்பி என்று ஆகிவிட்டது.

ஒரு அடுக்குமாடியில் கதவு சென்சார் மாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு வீட்டம்மா காய்கறிப் பையோடு நின்று பாறையை உற்றுப் பார்த்தார்.

"நீங்க பாறையோட அண்ணன்தானே?"

"நான்தாம்மா பாறை."

"விளையாடாதீங்க. எங்க வீட்டுல எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். நல்லா இருக்காரா?"

பாறை ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே, "நல்லா இருக்கான்," என்றான். அந்த ஸ்க்ரூவின் தலை உடைந்துபோனது. அரை மணி நேரம் அதைத் துளைத்து எடுத்தோம்.

அன்றைக்கு மெஷின் ரூமில் சாப்பிடும்போது அவனாகவே பேசினான். "வெளியாள் எவனாவது வந்து நடிச்சிருந்தா நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். இவன் என் மூக்கை வச்சுக்கிட்டு, என் நெத்தியை வச்சுக்கிட்டு, என் பேரையும் எடுத்துக்கிட்டான். இவனைத் திட்டவும் முடியல. தெனமும் ஒரே பேஸ்ட்ல பல் தேய்க்கிறோம்."

மனைவி அவனுக்கு ஆறுதலெல்லாம் சொல்லவில்லை. "அந்தப் படம் உங்களுக்குப் பிடிக்காதப்பவே இவ்வளவு வயித்தெரிச்சல். பிடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டாளாம்.

தம்பியின் மவுசை நம்பி மூன்றாம் பாகத்து ஷூட்டிங் ஆரம்பித்த நாலாவது நாள், மதியம் மூன்று மணிக்கு போன் வந்தது. ஒரு சுவரிலிருந்து குதிக்கிற காட்சி. ஆள் உயரம்தான், கீழே மெத்தை போட்டிருந்தார்கள். தம்பி காலை விறைப்பாக வைத்துக்கொண்டு குதித்தான். முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டதாம்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தம்பி கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லண்ணே," என்றான். பாறை கால்மாட்டில் நின்று அந்த முழங்காலையே பார்த்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. டைரக்டர் வராந்தாவில் காத்துக்கொண்டிருந்தார். மெதுவாக அவனை ஓரமாக அழைத்துப் போனார்.

"சண்டை மட்டும் பாக்கி. நீங்க பண்ணிக் குடுத்தா போதும். முதுகுப்பக்கம்தான் எடுப்பேன். முகம் தெரியாது."

ஒத்துக்கொண்டான். தம்பிக்காகவா, ஆசையிலா, குற்ற உணர்ச்சியிலா என்று நான் கேட்கவில்லை. மூன்றும் கலந்துதான் இருக்கும். தம்பியின் சட்டையைத் தையல் பிரித்து அவனுக்குப் போட்டுவிட்டார்கள். தலையில் டோப்பா. அது அரிக்கும், சொறியக்கூடாது. ஏழு நிமிஷச் சண்டை முழுக்கக் கேமரா அவன் முதுகுக்குப் பின்னாலேயே சுற்றியது. நடுநடுவே நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் தம்பியின் முகத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். பாறைக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. ஆனாலும் அன்றைக்கு அவன் அடித்த மாதிரி நான் முன்னால் பார்த்ததில்லை. யாரையோ நிஜமாகவே அடிக்கிற மாதிரி இருந்தது. எதிரில் நின்ற ஸ்டண்ட்காரர் ரெண்டு தடவை, "மாஸ்டர், படம்தான் இது," என்று ஞாபகப்படுத்தினார்.

மூன்றாம் பாகத்தில் பாறையின் தம்பி திருந்தி நல்லவனாகி, ஹீரோவோடு சேர்ந்து இன்னொருவனை எதிர்க்கிறான். அந்த இன்னொருவன் முதல் பாகத்தில் டீக்கடைக்காரராக வந்து போனவர். கதையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனால் அந்தச் சண்டையைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். தம்பி தேறிவிட்டான், அண்ணனையே மிஞ்சிவிட்டான்.

"என்னை நானே மிஞ்சிட்டேனாம்," என்றான் பாறை, லிஃப்ட் பள்ளத்துக்குள்ளிருந்து. அதற்கு நான் சிரித்திருக்கக் கூடாது.

அது அவனைத் தின்றது. தம்பி மேல் பொறாமைப்பட்டதாவது புரிகிற விஷயம். இப்போது தன் முதுகைப் பார்த்தே அவனுக்கு வயிறு எரிந்தது. அந்தச் சண்டை வீடியோவை போனில் போட்டுப் பார்ப்பான், கீழே எழுதியிருப்பதைப் படிப்பான், அணைப்பான், திரும்பப் போடுவான். வகுப்புப் பொடியன் ஒருவன், "மாஸ்டர், உங்க தம்பி மாதிரி திரும்பி உதைக்கச் சொல்லித்தாங்க," என்று கேட்டதிலிருந்து ரெண்டு வாரம் வகுப்பே எடுக்கவில்லை.

படம் மூன்றாவது வாரத்தைத் தொட்டதும் ஒரு தியேட்டரில் சின்ன விழா வைத்தார்கள். தம்பி ஊன்றுகோலோடு மேடை ஏறினான். நானும் பாறையும் அவன் மனைவியும் நாலாவது வரிசையில் இருந்தோம். தம்பி மைக்கைப் பிடித்தான். "எல்லாரும் பாராட்டுற அந்தச் சண்டையில நான் இல்ல. அந்த முதுகு எங்க அண்ணனோடது. எனக்குக் கால் போனதும் அவர்தான் பண்ணினார். அண்ணே, மேல வா."

பாறை மேடை ஏறினான். கைதட்டல் நிற்க ரொம்ப நேரம் ஆனது. டைரக்டர் மட்டும் தொப்பியைச் சரி செய்தபடி தரையைப் பார்த்தார். இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். மறுநாள் காலையில் போனைத் திறந்தால் எங்கே பார்த்தாலும் தம்பி படம். எப்பேர்ப்பட்ட மனசு, எந்த நடிகன் இப்படிச் சொல்வான், இவனல்லவா மனிதன். அண்ணன் பேர் மூன்றாவது வரியில், அதுவும் தப்பாக இருந்தது.

"உண்மையைச் சொன்னதுக்கும் தம்பிக்குத்தான் கைதட்டு," என்றாளாம் மனைவி, இட்ட தோசையைத் தொடாமல் அவன் எழுந்து போனதைப் பார்த்து. பிறகு என்னிடம் போனில், "அவரை இன்னிக்குக் கொஞ்சம் பாத்துக்குங்க," என்றாள்.

அடுத்த மாதம் டாக்டர், தம்பி இனிமேல் நடக்கலாம், படி ஏறலாம், ஆனால் குதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நாங்கள் ஒரு ஆறு மாடி ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்டைப் பரிசோதித்துக்கொண்டிருந்தோம். நான் மேலே, பாறை கீழே. தம்பி டாக்டரைப் பார்த்த கையோடு அங்கேயே வந்தான். தரைத்தளத்தில் கதவு திறந்திருந்த லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். அவர்கள் பேசியதெல்லாம் லிஃப்ட் குழாய் வழியாக எனக்கு மேலே வந்தது. காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

தம்பி டாக்டர் சொன்னதைச் சொன்னான். பாறை ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"விழறதுக்கு நான் உனக்குச் சொல்லித்தரல," என்றான் பாறை. "மறந்துபோய் இல்ல. வேணும்னே."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"முதல் வாரமே தெரியும்ணே. உன் கிளாஸ்ல பசங்களுக்கு முதல் நாளே அதைத்தானே சொல்லித்தருவ. நான் பாத்திருக்கேனே."

"அப்போ கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா சொல்லித்தந்திருப்ப. அப்புறம் நான் நல்லா விழுந்தாலும், அண்ணன் சொல்லித்தந்ததுன்னு ஆயிருக்கும். ஒரு விஷயமாவது நானா பண்ணணும்னு நெனைச்சேன்." தம்பியின் குரல் இழுத்தது. "உன் சட்டை, உன் சைக்கிள், உன் புத்தகம்னு போட்டு வளந்தவன் நான். ஸ்கூல்ல நான் எதைச் செஞ்சாலும், உங்க அண்ணன் இதை முன்னாலேயே செஞ்சுட்டான்னு சொல்லுவாங்க. முதல் படம் பாக்கப் போனப்ப உன் சண்டை ஆரம்பிச்சதும் நான் எழுந்து வெளியே போயிட்டேன். விசில் சத்தம் தாங்கல."

"நீயா?"

"நான்தான். மேடையில உண்மையைச் சொன்னேனே, உனக்காகச் சொன்னேன்னு நெனைச்சியா? எவனைப் பாத்தாலும் அந்த முதுகைப் பத்தியே பேசறான். என்கிட்டேயே வந்து, நீதான்னு தெரியாமலே உன்னைப் புகழ்றான். எத்தனை நாளைக்குத் தாங்கறது?"

எனக்குக் கை மரத்துப்போயிருந்தது, பிரேக் நெம்புகோலைப் பிடித்தபடியே நின்றிருந்தேன். "என்னப்பா, நான் பிரேக்கை விடட்டுமா வேண்டாமா?" என்று கத்தினேன்.

"இரு," என்று கீழேயிருந்து ரெண்டு குரலும் சேர்ந்து வந்தது.

அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. நான் கீழே வந்தபோது பாறை தரையில் உட்கார்ந்து தம்பியின் காலைத் தன் தொடை மேல் போட்டுக்கொண்டு, முழங்காலை எவ்வளவு மடக்க முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அன்று முதல் ஆறு மாதம், தினம் காலையில் அந்தக் காலை மடக்கி நீட்டியது பாறைதான். மருந்துக் கடையிலிருந்து மனைவி தைலம் கொண்டுவருவாள். "ரெண்டு பேரும் ஒரே நோய்க்கு வேற வேற மருந்து சாப்பிட்டிருக்கீங்க," என்று அவள் சொன்னதை மட்டும் பாறை என்னிடம் ரெண்டு தடவை சொன்னான்.

டைரக்டர் நாலாம் பாகத்துக்கு இவர்கள் ரெண்டு பேரையும் கூப்பிடவில்லை. பாறைக்கு ஒரு மகன் இருந்தான் என்று கதை கட்டி, ஜிம்மிலிருந்து ஒரு பையனைப் பிடித்துக்கொண்டார். 'கடைசி உதை 4' வந்தபோது ஒரு ஞாயிறு மதியம் நாங்கள் மூன்று பேரும் போனோம். தியேட்டரில் எங்களையும் சேர்த்துப் பதினொரு பேர். திரையில் அந்தப் பையன் காற்றில் மூன்று சுற்று சுற்றி ஒரு லாரியை உதைத்தான், லாரி பறந்தது.

"கால் வைக்கிற இடத்தைப் பாரு," என்றான் பாறை. "இவனுக்கு நிக்கவே தெரியல."

"முடியைப் பாருண்ணே. அப்படியே என்னோடது."

"பேச்சைக் கேளு. பாறை ரத்தமாம். யாருடா இவனுக்குப் பாறை?"

"நாம ரெண்டு பேரு இருக்கும்போது."

"கேட்டிருக்கலாம்ல ஒரு வார்த்தை."

முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி, "கொஞ்சம் பேசாம பாக்கிறீங்களா," என்றார். அவர்கள் குரலைத் தணித்தார்கள், திட்டுவதை நிறுத்தவில்லை. சின்ன வயதில் எப்படி இருந்தார்களோ தெரியாது, நான் பார்த்த நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்தது அந்த ரெண்டே கால் மணி நேரம்தான்.

இப்போது பாறை வழக்கம்போல என்னோடு லிஃப்ட் பார்க்கிறான், சனி ஞாயிறு வகுப்பு எடுக்கிறான். தம்பி செல்போன் கடையின் கிளை ஒன்றைப் பார்த்துக்கொள்கிறான், லேசாகச் சாய்ந்து நடக்கிறான். வாசலில் இருந்த ஆள் உயரப் படம் வெயிலில் வெளுத்து, கடைக்காரர் எடுத்துவிட்டார். ஐந்தாம் பாகத்துக்கு ஆள் தேடுகிறார்கள், விருப்பம் உள்ளவர்கள் போட்டோ அனுப்பலாம் என்று போன வாரம் ஒரு அறிவிப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை மெஷின் ரூமில் பாறை தலையை வாரிக்கொண்டு என் முன்னால் நின்றான். "ஒரு படம் எடு. தம்பிகிட்ட சொல்லிடாத." எடுத்துக் கொடுத்தேன். வியாழக்கிழமை தம்பி என்னைக் கடைக்குக் கூப்பிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினான். "நல்ல வெளிச்சமா ஒண்ணு எடுங்க. அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்." அதையும் எடுத்தேன். ரெண்டில் தம்பியின் படம்தான் நன்றாக வந்திருக்கிறது. அதை ரெண்டு பேரிடமும் நான் சொல்லப்போவதில்லை.